அறுவடை நோட்டிலிருந்து ஆடிப்பட்டம் வரை: மாடித்தோட்டத்துக்குப் பயிர்த்திட்டம் போடும் முறை

எங்கள் தெருவில் ஆறு வீடுகளில் மாடித்தோட்டம் இருக்கிறது. கூடை நிறையக் காய் பறித்த அன்று படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பலர் தொடங்குகிறார்கள். ஆனால் அந்தக் காய் என்றைக்கு விதைத்தது, எத்தனை செடியில் வந்தது, எத்தனை மணி நேர வெயிலில் விளைந்தது என்று படம் சொல்லாது. அதனால் கையில் கிடைத்த 20 விதைப் பொட்டலங்களை ஒரே ஞாயிற்றுக்கிழமை விதைத்துவிட்டு, புரட்டாசியில் ஒரே நாளில் 30 முள்ளங்கியும் அதற்கப்புறம் வெறும் பைகளுமாக நிற்கிறார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் சென்னைப் புறநகர் மாடிக்கு உரியவை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மற்ற சமவெளி ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களுக்குப் பொருந்தாது.

தொடங்கும் நேரம் வைகாசி கடைசி வாரம். ஆடி பிறந்தபின் தொடங்கினால் பாதி வேலைக்குக் காலம் கடந்திருக்கும். ஏன் என்பது மூன்றாவது படியில் தெரியும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு, தமிழ் மாதம் போட்ட நாள்காட்டி, அங்குல டேப், சமையலறைத் தராசு. பழைய தயிர் டப்பாவைக் கீற்றாக வெட்டிய அட்டைகளும் ஒரு பென்சிலும் வேண்டும். பென்சில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மார்க்கர் எழுத்து இரண்டு மாத வெயிலில் வெளுத்துப் போகும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பென்சில் எழுத்து ஒரு பட்டம், அதாவது ஒரு விதைப்புப் பருவம், முழுக்க நிற்கும்.

விதையும் பையும் இப்போது வாங்க வேண்டாம். எத்தனை வேண்டும் என்று இன்னும் தெரியாதே.

1. வெயிலை அளந்து வரைந்துகொள்ளுங்கள்

காய்கறிக்குக் குறைந்தது 5, 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைக்கு 3, 4 மணி நேரம் போதும். மாடியின் படத்தை நோட்டில் கட்டம் போட்டு வரையுங்கள். காலை 8, 10, 12, மாலை 2, 4 என்று ஐந்து முறை போய்ப் பார்த்து, எந்தக் கட்டத்தில் வெயில் விழுகிறது என்று குறியுங்கள்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஆனியிலும் ஆடியிலும் சென்னையில் நண்பகல் சூரியன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே நிற்கும். அப்போது தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிய இடமும் நல்ல வெயிலாகத் தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். நண்பகலிலேயே 3 அடிச் சுவரின் நிழல் வடக்கே 2 அடிக்கு மேல் விழும். காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளம். அந்த இரண்டடிக்குள் கத்தரியை வைத்தால், காய்க்க வேண்டிய கார்த்திகையில் அது நிழலில் நிற்கும்.

படத்தில் தெற்குச் சுவர், மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி மூன்றுக்கும் வடக்குப் பக்கத்தை இப்போதே கோடு போட்டு மறித்துவிடுங்கள். அங்கே கீரை, புதினா, இஞ்சி வைக்கலாம். காய்ச்செடி வேண்டாம்.

2. சமையலறையிலிருந்து செடிக் கணக்குக்கு வாருங்கள்

"எல்லாத்துலயும் ரெண்டு செடி" என்பது கேட்க நன்றாக இருக்கும். அடுப்புக்கு ஆகாது.

வெண்டையை எடுத்துக்கொள்வோம். நன்றாகக் காய்க்கும் செடி ஒன்றுவிட்ட நாள் ஒரு காய் தரும். கால் கிலோவுக்கு ஏறத்தாழ 17 காய் ஆகும். இரண்டு செடி வைத்தால் வாரத்துக்கு 7 காய்தான். அதைச் சேர்த்து வைக்கலாம் என்று செடியிலேயே விட்டால் இரண்டே நாளில் நாரேறிவிடும். 10 செடி இருந்தால் வாரம் அரை கிலோ. நாலு பேர் வீட்டுக்கு ஒரு பொரியலும் ஒரு சாம்பாரும் ஆகும்.

மிளகாய் இதற்கு நேர்மாறு. காய் செடியிலேயே பல நாள் காத்திருக்கும், சமையலுக்கும் ஐந்தாறு போதும். 4 செடிக்கு மேல் தேவையே இல்லை. கத்தரி இரண்டுக்கும் நடுவில் வரும். பறிக்க மூன்று நாள் தாமதித்தாலும் பிழைக்கும், ஆனால் பளபளப்பு மங்கிய காயில் விதை முற்றியிருக்கும். 6 செடி சரியாக இருக்கும்.

சரி, எதை விதைப்பது? நோட்டில் இரண்டு வாரத்துக்கு நீங்கள் கடையில் வாங்கிய காய்களை எடையோடு எழுதுங்கள். எது மூன்று முறைக்கு மேல் வந்திருக்கிறதோ அதுதான் உங்கள் தோட்டப் பயிர். முதல் பட்டத்துக்கு 6 பயிர் போதும். வீட்டில் யாரும் விரும்பிச் சாப்பிடாத நூல்கோலை ஒரு படத்தைப் பார்த்து விதைத்து, தண்ணீர் விட்டு, கடைசியில் தெருவெல்லாம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். மற்ற எல்லாப் படியும் இதை நம்பித்தான் இருக்கிறது.

வடகிழக்கு மழை ஐப்பசி முதல் வாரத்தில் பிடிக்கும். கார்த்திகை முடியும்வரை விட்டு விட்டு அடிக்கும். தொடர்மழையில் பூ உதிரும், இளநாற்று அழுகும். அதனால் மழைக்குள் செடி வேர் பிடித்து உரமேறி நிற்க வேண்டும், விரைவில் காய்ப்பவை மழைக்கு முன்பே ஒரு சுற்றாவது கொடுத்திருக்க வேண்டும். ஆடியில் தொடங்குவது இதற்குத்தான்.

ஆடிப்பெருக்கை, அதாவது ஆகஸ்ட் 3-ஐ, நடுக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாக ஊன்றுபவை: வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரைகள், கொடிக்காய்கள். இவற்றின் வேர் இடம் மாறினால் தாங்காது, அல்லது நாற்று விட வேண்டிய அளவுக்கு முளை மெல்லியதாக இருக்காது. ஆடி 18 அன்று ஊன்றலாம்.

நாற்று விட்டு நடுபவை: மிளகாய்க்கு 40 நாள், கத்தரிக்கு 30 நாள், தக்காளிக்கு 25 நாள் நாற்றுப் பருவம். ஆடி 18-ல் நட வேண்டும் என்றால் மிளகாய் விதையை ஆனி 10 வாக்கிலும் கத்தரியை ஆனி 20 வாக்கிலும் குழித்தட்டில் போட்டிருக்க வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை எல்லா விதைக்கும் எடுத்துக்கொண்டு மிளகாயையும் ஆடி 18-ல் விதைப்பவர்களுக்கு, அதைப் பையில் நடவே புரட்டாசி நெருங்கிவிடும். பூ வைக்கும் நேரத்தில் அடைமழை. பூவெல்லாம் உதிர்ந்தபின் "விதை சரியில்லை" என்பார்கள்.

தக்காளியை நான் ஆடியில் நடுவதில்லை. ஐப்பசி நடுவில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, கார்த்திகை நடுவில் நட்டால் தையிலிருந்து பங்குனி வரை, இரவு குளிர்ந்திருக்கும் நாட்களில் நன்றாகப் பிடிக்கிறது.

விதைத்ததிலிருந்து முதல் பறிப்பு வரை எண்ண வேண்டிய நாட்கள் இவை. அரைக்கீரை, சிறுகீரை 25. முள்ளங்கி 45. வெண்டை 45 முதல் 50. கொத்தவரை 50 முதல் 55. பாகல், பீர்க்கு, புடலை 55 முதல் 70. கத்தரி, நட்டதிலிருந்து 55 முதல் 70. மிளகாய், நட்டதிலிருந்து 70 முதல் 75.

பந்தல் அவரைக்கு இந்த எண்ணிக்கை செல்லாது. அது பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பூ எடுக்கும். அதையே தையில் ஊன்றினால் பந்தல் முழுக்கக் கொடியோடி, அடுத்த ஐப்பசி வரை வெறும் இலையாக நிற்கும். பலர் உரம் போட்டுப் போட்டுப் பார்ப்பது இந்தக் கொடிக்குத்தான். பட்டம் பார்க்காமல் வைக்க வேண்டுமானால் குத்து அவரையைத் தேர்ந்தெடுங்கள்.

பொங்கலுக்கு என்று தனியாக ஒரு வரி எழுதிவையுங்கள். சர்க்கரைவள்ளிக்கு நாலு மாதம் ஆகும், ஆகவே செப்டம்பர் முதல் பாதியில் கொடித் துண்டு நட வேண்டும். பானையில் கட்ட மஞ்சள் கொத்து வேண்டுமானால் வைகாசி, ஆனியிலேயே ஒரு பையில் விரலி மஞ்சள் ஊன்றியிருக்க வேண்டும்.

4. விதையை விதைக்குமுன் சோதியுங்கள்

ஈரத்துணியில் 10 விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, மூடிய டப்பாவில் போட்டுவையுங்கள். வெண்டை, அவரை 4, 5 நாளிலும் கத்தரி, மிளகாய் 8 முதல் 10 நாளிலும் முளைவிடும். 7-க்கு மேல் முளைத்தால் அப்படியே விதைக்கலாம். 4, 5 தான் என்றால் குழிக்கு இரண்டாக ஊன்றுங்கள். அதற்கும் கீழே போனால் அந்தப் பொட்டலத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இதை ஆனி முதல் வாரத்திலேயே செய்யச் சொல்வது, விதை பொய்த்தால் வேறு விதை தேட நாள் இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு வருடம் கடையில் வாங்கிய கொத்தவரை விதை 10-ல் ஒன்றுகூட முளைக்கவில்லை. சோதித்திருந்ததால் ஒரு வாரத்தில் வேறு விதை கிடைத்தது. பையில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஆடி போயிருக்கும்.

உறையில் எஃப்1 என்று இருந்தால் அது வீரிய ஒட்டு ரகம். விளைச்சல் நன்றாக இருக்கும், ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச்செடி மாதிரியே வராது. விதை சேர்க்கும் எண்ணம் இருந்தால் நாட்டு ரகமாகவோ, கோ (கோயம்புத்தூர்), பிகேஎம் (பெரியகுளம்) வரிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒட்டு அல்லாத ரகமாகவோ வாங்குங்கள்.

5. பையையும் பாரத்தையும் கணக்கிடுங்கள்

12 அங்குல அகல, 12 அங்குல உயரப் பையில் மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 18 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்தபின் ஏறத்தாழ 20 கிலோ. 15 அங்குலப் பையானால் 35 முதல் 40 கிலோ வரும்.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டுமானத் தர விதிகள் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 11 சதுர அடி. நீங்கள் நடக்கவும் வேண்டும், மழைநீரும் நிற்கும். ஆகவே 11 சதுர அடிக்கு 15 அங்குலப் பை 3-க்கு மேல் வைக்காதீர்கள். கனமான பைகளைச் சுவர் ஓரமாகவும், கீழே உத்தரம் ஓடும் வரிசையிலும் வையுங்கள். வீடு பழையதாக இருந்தாலோ, தளத்தில் விரிசலோ கசிவோ இருந்தாலோ ஒரு கட்டடப் பொறியாளர் பார்க்காமல் ஒரு பைகூட ஏற்ற வேண்டாம்.

கீரை, முள்ளங்கிக்கு ஆழம் குறைந்த அகலப் பை போதும். மிளகாய்க்கு 12 அங்குலம். கத்தரி, தக்காளிக்கு 15 அங்குலத்தில் ஒன்று. வெண்டைக்கு அதே பையில் இரண்டு. பந்தல் கொடிக்கு 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சின்னப் பையில் சுரை வைத்தால் கொடி ஓடும், காய் பிஞ்சிலேயே நிற்கும். வேருக்கு வேண்டிய ஈரம் தங்க இடமில்லை என்பதுதான் காரணம். உரத்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

6. கலவையை 15 நாள் முன்னதாகவே நிரப்புங்கள்

செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்த தென்னைநார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. தென்னைநார்க்கழிவை இரண்டு, மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்தபின் சேருங்கள். அதிலிருக்கும் உப்பு போகாவிட்டால் இளநாற்றின் இலை நுனி கருகும்.

நிரப்பிய அன்றே விதைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. பிண்ணாக்கும் அரைகுறையாக மக்கிய சாணமும் ஈரம் பட்டதும் சூடேறும். கையைக் கலவைக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தால் அந்தச் சூடு தெரியும். தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்து 15 நாள் வைத்தால் ஆறிவிடும், கலவையும் இரண்டு அங்குலம் இறங்கும். அப்புறம் மேலே நிரப்பிக்கொண்டு விதையுங்கள்.

பழைய பை மண்ணைத் தூக்கிப்போட வேண்டாம். கொட்டி, வேரை நீக்கி, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, மூன்றில் ஒரு பங்கு புது எரு சேர்த்தால் போதும். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. அந்த மண்ணில் அடுத்து வெண்டை, கத்தரி, தக்காளி வேண்டாம். ஒரு பட்டம் துலுக்கச் சாமந்தி போடுங்கள். பொதுவாகவே கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்று இருந்த மண்ணில் இன்னொன்றை உடனே நடாதீர்கள். பைக்கு எண் எழுதச் சொல்வது இதற்குத்தான்.

7. தவணை தவணையாக விதையுங்கள்

கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி மூன்றையும் ஒரே நாளில் எல்லாப் பையிலும் விதைக்காதீர்கள். 4 பை இருந்தால் 10 நாளுக்கு ஒரு பை. நாலாவது பை முளைத்து வரும்போது முதல் பை பறிப்புக்கு வந்துவிடும், அதைக் காலி செய்து மறுபடி விதைக்கலாம். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு விரற்கடை தண்டு விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும், அதற்கு இரண்டு பை போதும்.

விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே கையால் தடவிவிட்டால் சரி. எறும்பு இழுக்கும் இடமானால் பையைச் சுற்றி மஞ்சள்தூள் தூவலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை மறுபடி தூவ வேண்டியிருக்கும்.

ஊன்றிய அன்றே அட்டை எழுதிச் சொருகுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் கத்தரி நாற்றும் சுண்டை நாற்றும் ஒரு மாதத்துக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

8. பந்தல் கொடிக்கு மாலை வேலை ஒன்று இருக்கிறது

"பிஞ்சு வருது, மஞ்சளாகி உதிர்ந்துடுது" என்பதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி. பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். மூன்றாவது மாடியில் தேனீயும் அந்துப்பூச்சியும் குறைவு.

கொடியில் முதலில் வருபவை எல்லாம் ஆண் பூ. காம்பு மெல்லிசாக இருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பெண் பூ வரும். பூவுக்குக் கீழேயே குட்டிச் சுரைக்காய், குட்டிப் புடலங்காய் ஒட்டியிருக்கும். ஆண் பூ உதிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது உதிரத்தான் செய்யும்.

சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரியும். புடலை இருட்டும் நேரத்தில் வெள்ளை நூல் பிரிந்ததுபோல் மலரும். பாகலும் பூசணியும் விடியற்காலை. சுரைக்குப் பகல் 11 மணிக்குப் போய்க் கை மகரந்தம் செய்தால் ஒன்றும் நடக்காது, பூ வாடியிருக்கும். அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் பொடி பெண் பூவின் நடுவில் படும்படி மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூவுக்கு வரும். பிடித்திருந்தால் மூன்றாம் நாள் பிஞ்சு பச்சையாகவே இருந்து, தலை கொஞ்சம் கவிழும். தேதியை நோட்டில் எழுதுங்கள்.

9. புரட்டாசி கடைசிக்குள் மழைக்குத் தயாராகுங்கள்

ஒவ்வொரு பையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே வழியாவிட்டால் ஓட்டை அடைத்திருக்கிறது. பையை லேசாகச் சாய்த்து ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். பைகளைச் செங்கல்மேல் ஏற்றுங்கள். தளத்தில் தேங்கும் தண்ணீர் பைக்குள் மறுபடி ஏறாது, தளமும் காயும்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். நாற்றுத்தட்டை மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள். நாற்றழுகலுக்கு மழைக்கு முன்பே சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர்ப் பொடியை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து ஊற்றலாம். வந்தபின் ஊற்றுவதில் பலன் குறைவு.

மழை நாட்களில் உரம் வேண்டாம், எல்லாம் அடித்துக்கொண்டு போகும். நாலு நாள் விட்டு வெயில் வந்தபின் பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டுக் கிளறிவிடுங்கள்.

வெள்ளை ஈ, அசுவினிக்கு வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அதில் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும். வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது. அந்தச் செடியை அன்றே பிடுங்கிவிடுங்கள். இரண்டு நாள் பார்க்கலாம் என்று விட்டால் பக்கத்துச் செடிக்குப் போகும்.

10. பறித்த உடனே எடை, உடனே எழுத்து

வெண்டையின் நுனியை ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். கத்தரியைக் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்தால் கிளை பிளக்கும்.

கழுவுமுன் எடை போடுங்கள். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

*பை 14–18. வெண்டை, நாட்டு ரகம், எதிர்வீட்டு அக்கா கொடுத்த விதை. ஆகஸ்ட் 3 ஊன்றியது. 20-ல் 17 முளை. 10 செடி நிறுத்தினேன். செப். 13 முதல் பூ. செப். 19 முதல் பறிப்பு, 6 காய், 95 கிராம். அக். 9 இரண்டு செடியில் நரம்பு மஞ்சள், பிடுங்கியாச்சு. நவ. 8 கடைசிப் பறிப்பு. மொத்தம் 3 கிலோ 100 கிராம்.*

இவ்வளவுதான். தினமும் பக்கம் பக்கமாக எழுதத் தொடங்குபவர்கள் மூன்றாம் வாரம் நோட்டை மூடிவிடுகிறார்கள். விதைத்த நாள், முளைத்த எண்ணிக்கை, முதல் பூ, முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு, மொத்த எடை, நோய் வந்த நாள். இந்த ஏழும் இருந்தால் அடுத்த பட்டத்தைக் கணக்கிடலாம்.

11. அறுவடையைப் பகிரும்போது திட்டத்தையும் சேர்த்துப் பகிருங்கள்

படத்தோடு நாலு தகவல் போடுங்கள்: விதைத்த தேதி, செடி எண்ணிக்கை, பை அளவு, வெயில் நேரம். வேறு ஊர்க்காரர்களோடு பகிர்ந்தால் ஊரின் பெயரும் வேண்டும். ஊட்டியிலோ ஓசூரிலோ விளைந்த கேரட்டின் படம் ஊர்ப் பெயர் இல்லாமல் சென்னைக்கு வந்தால், இங்கே ஒருவர் சித்திரையில் கேரட் விதைப்பார்.

பொய்த்ததையும் பகிருங்கள். என் நோட்டிலேயே எனக்கு அதிகம் உதவிய வரி, பக்கத்துத் தெரு நண்பர் சொன்ன "தெற்குச் சுவர் ஓரம் கத்தரி எட்டு, ஒண்ணும் காய்க்கல" என்பது.

விதை கொடுக்கும்போது உறையில் எழுத வேண்டியவை: பயிர், ரகம், எங்கிருந்து வந்தது, சேகரித்த மாதம், பக்கத்தில் அதே இனத்தில் வேறு ரகம் பூத்ததா. குண்டுச் சுரையும் நீளச் சுரையும் ஒரே மாடியில் பூத்திருந்தால் அந்த விதை கலந்திருக்கும், வாங்குபவருக்குச் சொல்லிக் கொடுங்கள். புடலையும் பாகலும் பக்கத்தில் இருந்தால் புடலை கசந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அவை வேறு வேறு இனம், கலக்காது. விதைக்கு விடும் காயை முதல் பறிப்பிலேயே நல்ல செடியில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். கடைசியில் மிஞ்சிய காயை விதைக்கு விடுவது பலரின் வழக்கம். அது ஓய்ந்த செடியின் காய், பெரும்பாலும் நோயும் ஏறியிருக்கும்.

இன்னொன்று, எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து செய்வது. ஆனி பிறப்பதற்குள் ஒருநாள் நோட்டோடு உட்கார்ந்து பயிர்களைப் பங்கு பிரித்துக்கொள்கிறோம். பந்தல் உள்ள வீடு கொடிக்காய், வெயில் அதிகமுள்ள வீடு வெண்டையும் கத்தரியும், அரை நிழல் வீடு கீரை. இன்னொரு வீடு எல்லோருக்கும் நாற்று விடும். மிளகாய் விதைப் பொட்டலத்தில் தேவைக்குப் பல மடங்கு விதை இருக்கிறது, நாலு வீட்டிலும் நாலு பொட்டலம் பிரிப்பது வீண்.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. எடைக்கு எடை மாற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு கிலோ சுரைக்காயும் ஒரு கிலோ கீரையும் உழைப்பில் ஒன்றல்ல, அந்தக் கணக்கு மனஸ்தாபத்தில் முடியும். வீட்டுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

12. பொங்கல் முடிந்ததும் தைப்பட்டத்துக்கு மாறுங்கள்

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் நோட்டை எடுத்துப் பயிர் பயிராக மூன்று கேள்வி கேளுங்கள். பைக்கு எத்தனை கிராம் வந்தது? வீட்டில் தீர்ந்ததா, மிஞ்சியதா? நோய் எந்த மாதம் வந்தது? மிஞ்சியதற்குப் பையைக் குறையுங்கள், தீர்ந்து கடையிலும் வாங்கியதற்குக் கூட்டுங்கள். ஒரு பயிர் இரண்டு பட்டம் தொடர்ந்து பொய்த்தால் உங்கள் மாடிக்கு அது வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

கத்தரியைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். தண்டு பச்சையாக, புழு துளைக்காமல் இருந்தால் பை மண்ணிலிருந்து முக்கால் அடி விட்டு வெட்டி எரு வையுங்கள், மறுபடி துளிர்த்துக் காய்க்கும். பந்தல் அவரை மாசி வரை காய்க்கும், அதுவரை விட்டுவையுங்கள்.

தையில் ஊன்ற வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பீர்க்கு, கீரை ஏற்றவை. பங்குனி பாதியில் வெயில் ஏறுமுன் 50 சதவீத நிழல்வலை கட்டக் கம்பி இப்போதே நட்டுவிடுங்கள். வேர் பரவியபின் பைகளை நகர்த்திக் கம்பி நடுவது செடிக்கும் முதுகுக்கும் கேடு.

காலியான பைகளின் மண்ணை இன்றே கொட்டி வெயிலில் காயப்போடுங்கள். கொத்தவரை விதையில் 10 எடுத்து ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள்.